நாலு வருடப் பழைய ‘ஐந்து’: கவுன்சிலிடம் என்ன கேட்பது?

கேள்வி:

லண்டனின் வெளிப்புறப் பரோ ஒன்றில் வசிக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் மகளின் சாமத்திய வீட்டுக்கு, எங்கள் பகுதி டேக்அவே ஒன்றில் 150 பேருக்கு மதியச் சாப்பாடு எடுத்தோம். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, மரக்கறிகள். அன்று நள்ளிரவு கடந்து ஏறக்குறைய 40 பேருக்கு வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் வந்தன. வாந்தி அதிகம் இல்லை. பெரும்பாலோர் மறுநாளே தேறிவிட்டார்கள். என் பெரியம்மாவை மட்டும் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கவுன்சிலுக்கு ஈமெயில் போட்டேன். மூன்று வாரம் கழித்து, “கடைக்குப் போனோம், ஆலோசனை கொடுத்தோம், மேல் நடவடிக்கை இல்லை” என்று இரண்டு வரிப் பதில் வந்தது. உணவுச் சுகாதார ரேட்டிங் இணையதளத்தில் அந்தக் கடைக்கு 5, அதாவது மிக உயர்ந்த ரேட்டிங். ஆனால் கடைசிப் பரிசோதனை நான்கு வருடங்களுக்கு முந்தியது. அதே தெருவில் போன வருடம் திறந்த இன்னொரு சமையலறை இன்னும் ‘பரிசோதனைக்குக் காத்திருக்கிறது’ என்றே இருக்கிறது. ஒரு கவுன்சில் இப்படி இருக்கலாமா? யாரிடம் முறையிடுவது? கடைக்காரர் எங்கள் ஆள். அவர் பிழைப்பைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு முறைப்பாடுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கடையைப் பற்றியது, மற்றது கவுன்சிலைப் பற்றியது. இரண்டையும் ஒரே ஈமெயிலில் எழுதினால், ‘கடைக்குப் போய்விட்டோம்’ என்ற ஒரு வரியில் இரண்டையும் மூடிவிடுவார்கள். உங்களுக்கு நடந்தது அதுதான். இனிமேல் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். எதை எப்படி எழுதுவது என்று சொல்வதற்கு முன், அந்த மதியச் சாப்பாட்டில் என்ன நடந்திருக்கக்கூடும் என்று பார்ப்போம். கவுன்சில் எதைத் தவறவிட்டது என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

மதியம் சாப்பிட்டு நள்ளிரவு கடந்து வயிற்றோட்டம், வாந்தி குறைவு, ஒரு நாளில் தேறுதல். இந்த மூன்றும் சேர்ந்தால் என்னைப் போன்றவர்கள் முதலில் சந்தேகிப்பது க்ளொஸ்ட்ரீடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவை. சாப்பிட்டுப் பெரும்பாலும் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் அது வேலையைக் காட்டும். சோற்றில் வரும் பேசிலஸ் சீரியஸின் வாந்தி வகை என்றால் சில மணி நேரத்திலேயே, மண்டபத்தை விட்டுப் போவதற்குள் வாந்தி தொடங்கியிருக்கும். கோழியில் வரும் கேம்பிலோபாக்டர் என்றால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும், காய்ச்சலும் சேர்ந்து வரும். மலப் பரிசோதனை இல்லாமல் எதையும் அறுதியிட முடியாது. ஆனாலும் இந்த நேரக் கணக்குத்தான் விசாரணையின் முதல் கருவி.

பெர்ஃப்ரின்ஜென்ஸ் பெரிய கிடாரத்தின் கிருமி. அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. நாற்பது ஐம்பது லிட்டர் ஆட்டிறைச்சிக் கறியை முதல்நாள் இரவு சமைத்து, மூடி, அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டினால், நடுவிலுள்ள கறி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் இந்தக் கிருமி பெருகும் வேகத்துக்கு இணையாகச் சமையலறைக் கிருமிகளில் மிகச் சிலதான் உண்டு. காலையில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கியிருந்தால், இரவில் பெருகிய கிருமிகளில் பெரும்பகுதி செத்திருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய கிடாரத்தை அவசரத்தில் கிண்டினால் ஓரம் கொதிக்கும், நடு கொதிக்காது. கடைக்காரர் அழுக்கானவராக இருக்க வேண்டியதில்லை. தரையும் சுவரும் பளபளவென்று இருக்கும் சமையலறையிலும் இது நடக்கும்.

இப்போது அந்த 5க்கு வருவோம். ரேட்டிங் மூன்று விஷயங்களுக்குப் போடும் புள்ளிகளிலிருந்து வருகிறது: உணவைக் கையாளும் விதம், கட்டடத்தின் நிலை, நிர்வாகத்தின் மீது அதிகாரிக்கு உள்ள நம்பிக்கை. புள்ளி கூடினால் கெட்டது. மொத்தம் 15க்குள் இருந்து, எந்த ஒன்றும் 5ஐத் தாண்டாமல் இருந்தால் ரேட்டிங் 5. இந்தப் புள்ளிகள் அதிகாரி வந்த நாளில் கண்டவற்றுக்குக் கொடுத்தவை. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவர் போயிருந்தால் கொத்து ரொட்டிக் கல்லையும் ஒரு ஃபிரிட்ஜையும் பார்த்திருப்பார். வெள்ளிக்கிழமை இரவு அடுப்பில் ஏறும் கிடாரத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

அதைவிட முக்கியமான இன்னொரு கணக்கு இருக்கிறது, அது இணையதளத்தில் தெரியாது. ரேட்டிங் வேறு, ஆபத்துப் பிரிவு வேறு. கவுன்சில்கள் பின்பற்ற வேண்டிய உணவுச் சட்ட நடைமுறைக் கோவை ஒவ்வொரு கடையையும் ஏ முதல் ஈ வரை பிரிக்கச் சொல்கிறது. ரேட்டிங்குக்குரிய அந்த மூன்றோடு என்ன வகை உணவு, எந்த முறையில் சமைக்கிறார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், நோயாளிகளோ முதியோரோ சாப்பிடும் இடமா என்பதற்கும் புள்ளி உண்டு. ஏ பிரிவு என்றால் 6 மாதத்துக்கு ஒரு தடவை, பி என்றால் 12, சி என்றால் 18, டி என்றால் 24 மாதம். ஈ பிரிவுக்கு மட்டும் நேரடிப் பரிசோதனைக்குப் பதிலாக 3 வருடத்துக்கு ஒரு தடவை கேள்வித்தாள் போன்ற மாற்று வழி போதும். இறைச்சி சமைத்துச் சோற்றோடு விற்கும் கடை ஈ பிரிவில் இருப்பது மிக அரிது. ஆகவே நான்கு வருடம் ஆகிவிட்டது என்றால், டி என்றே வைத்தாலும் கவுன்சில் கெடுவைத் தவறவிட்டிருக்கிறது.

அந்தக் கடை கவுன்சிலின் பதிவேட்டில் ‘டேக்அவே’ என்று மட்டும் இருந்தால் இன்னும் மோசம். மண்டபங்களுக்கு 150 பேருக்குச் சமைத்து அனுப்புவது வேறு தொழில்: முந்திய நாளே சமைப்பது, ஆறவைப்பது, மறுபடி சூடாக்குவது, வேனில் ஏற்றுவது, மண்டபத்தில் மணிக்கணக்கில் பரிமாறுவது. இப்படித் தொழில் மாறினால் கடைக்காரர் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். பலர் தெரிவிப்பதில்லை, அது அவர் பிழை. ஆனால் கெடுப்படி 18 மாதத்திலோ 24 மாதத்திலோ அதிகாரி போயிருந்தால், மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும் கிடாரங்களே அவருக்குச் சொல்லியிருக்கும். பிரிவு உயர்ந்திருக்கும், அடுத்த பரிசோதனையும் சீக்கிரம் வந்திருக்கும். ஒரு வருகை தவறினால் அதற்குப் பின்னாலுள்ள கணக்கு முழுவதும் பழைய கடையைப் பற்றியதாகிவிடுகிறது. ஒரு கவுன்சிலின் குறைபாடுகளில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான்.

மத்தியில் இருக்கும் ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி, சுருக்கமாக எஃப்எஸ்ஏ, கவுன்சில்களைத் தணிக்கை செய்யும். அப்படிப்பட்ட தணிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் குறைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவை. பதிவேட்டில் மூடிய கடைகள் உயிரோடு இருக்கும், புதிய கடைகள் இருக்காது. புதிதாகப் பதிவு செய்தவை வரிசையில் தேங்கி நிற்கும். பரிசோதனைப் படிவத்தில் ‘திருப்தி’ என்று டிக் மட்டும் இருக்கும். எந்த உணவை எத்தனை டிகிரியில் அளந்தார், ஆறவைக்கும் முறையைப் பற்றிக் கேட்டாரா என்று ஒரு வரி இருக்காது. அப்படிப்பட்ட படிவத்தை வைத்துக்கொண்டு அடுத்து வரும் அதிகாரியால் நிலைமை முன்னேறியதா பின்னேறியதா என்று சொல்ல முடியாது. கடிதம் அனுப்பியிருப்பார்கள், திருத்தினார்களா என்று திரும்பிப் போயிருக்க மாட்டார்கள். போன தடவை எழுதிய அதே மூன்று குறைகள் இந்தத் தடவையும் அதே சொற்களில் எழுதியிருக்கும். உணவு மாதிரி எடுத்திருப்பார்கள், முடிவு கெட்டதாக வந்திருக்கும், அதற்குப் பின் கோப்பில் எதுவும் இராது. மேலதிகாரி தன் ஆட்களின் படிவங்களை அவ்வப்போது எடுத்துப் பார்த்ததற்கான பதிவும் கிடைக்காது.

ஆள் பற்றாக்குறை உண்மையானது. கோவிட் காலத்தில் பரிசோதனைகள் தேங்கின. அவற்றைத் தீர்க்க எஃப்எஸ்ஏ 2021 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை ஒரு மீட்புத் திட்டம் வகுத்தது. ஆபத்து அதிகமான கடைகளை முதலில், மற்றவற்றைப் பிறகு என்று வரிசை போட அனுமதித்தது. அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று ஒரு கவுன்சில் கோவிட்டைக் காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆள் இல்லை என்பதைவிட, ஆள் இல்லாததை மறைப்பது பெரிய குற்றம் என்பேன். ஒவ்வொரு கவுன்சிலும் உணவுச் சேவைத் திட்டம் என்று ஒன்றை வருடாவருடம் எழுத வேண்டும். எத்தனை பரிசோதனை கெடுவுக்கு வருகிறது, அதற்கு எத்தனை அதிகாரிகள் தேவை, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும். இந்தப் பற்றாக்குறையை எழுதாமல் விட்டால் கவுன்சிலர்களுக்கு விஷயமே தெரியாது, பணமும் ஒதுக்க மாட்டார்கள்.

வருகை நடந்தாலே போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2005ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தென் வேல்ஸில் ஈ.கோலை ஓ157 என்ற ஆபத்தான கிருமி பரவியது. 150க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 5 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். பள்ளிகளுக்குச் சமைத்த இறைச்சி கொடுத்த கடையில் பச்சை இறைச்சிக்கும் சமைத்த இறைச்சிக்கும் ஒரே வெக்யூம் பேக்கிங் இயந்திரம். கவுன்சில் அதிகாரிகள் அங்கே போய் வந்தவர்கள்தான். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2009 மார்ச்சில் வந்தது. கடையின் உணவுப் பாதுகாப்புத் திட்டத்திலிருந்த ஓட்டைகளை அதிகாரிகள் சரியாக மதிப்பிடவில்லை என்று அது கண்டது. தக்க காரணம் இல்லாவிட்டால் எல்லாப் பரிசோதனைகளும் முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும் என்றும் சொன்னது. வெக்யூம் பேக்கர், ஸ்லைசர், மின்சர் போன்றவற்றைப் பச்சைக்கும் சமைத்ததற்கும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்ற எஃப்எஸ்ஏ வழிகாட்டுதல் 2011இல் வந்ததும் இந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

சரி, ‘ஆலோசனை கொடுத்தோம், மேல் நடவடிக்கை இல்லை’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? அதிகாரியின் கையில் ஒரு ஏணி இருக்கிறது. கீழ்ப்படி வாய்மொழி ஆலோசனை, அடுத்தது கடிதம். அதற்கு மேல் ஹைஜீன் இம்ப்ரூவ்மென்ட் நோட்டீஸ்: எந்தச் சட்ட விதி மீறப்பட்டது, என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பிட்டு, குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுப்பது. செய்யாவிட்டால் அதுவே தனிக் குற்றம். உடனடி ஆபத்து என்றால் எமர்ஜென்சி ப்ரொஹிபிஷன் நோட்டீஸ் கொடுத்து அந்தக் கணமே கடையையோ ஒரு இயந்திரத்தையோ ஒரு சமையல் முறையையோ நிறுத்தலாம். பிறகு மூன்று நாளுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மேல்படி வழக்கு. முதல் தடவைச் சிறு குறைக்குக் கடிதம் போதும், அதில் தவறில்லை. ஆனால் 40 பேர் நோயுற்று ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவத்துக்கு வாய்மொழி ஆலோசனையோடு நின்றார்கள் என்றால், ஏன் அந்தப் படியிலேயே நின்றோம் என்பது கோப்பில் எழுதியிருக்க வேண்டும். கவுன்சிலுக்கென்று வெளியிட்ட அமலாக்கக் கொள்கை ஒன்று இருக்கும். முடிவு அந்தக் கொள்கையோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்த வருகை ‘ஆலோசனைக்காக’ என்று பதிவாகியிருந்தால் ரேட்டிங் மாறாது. முழுப் பரிசோதனையாகவோ பகுதிப் பரிசோதனையாகவோ நடத்தியிருந்தால்தான் புதிய புள்ளி போடலாம். உங்கள் முறைப்பாட்டுக்குப் பிறகும் இணையதளத்தில் பழைய தேதியே இருக்கிறதென்றால், கெடு தாண்டிய கடை என்று தெரிந்தும் உள்ளே போய், பரிசோதிக்காமலே திரும்பியிருக்க வாய்ப்பு உண்டு. இதைக் கட்டாயம் கேளுங்கள்.

முதலில் எழுத வேண்டியது தகவல் அறியும் விண்ணப்பம். 2000ஆம் ஆண்டின் ஃப்ரீடம் ஆஃப் இன்ஃபர்மேஷன் சட்டப்படி 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும், கட்டணம் இல்லை. சொந்தப் பெயரில் ஈமெயிலில் அனுப்பினால் போதும். விண்ணப்பத்தில் கோபம், வர்ணனை, குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். கடையின் பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டு இவற்றைக் கேளுங்கள்: கடந்த மூன்று பரிசோதனைகளின் தேதி, ஒவ்வொன்றிலும் போட்ட ஆபத்துப் பிரிவு, அடுத்த பரிசோதனைக்குக் கெடு வைத்த தேதி, கடைசிப் பரிசோதனைப் படிவத்தின் நகல், கடைக்கு அனுப்பிய கடிதங்கள், பதிவேட்டில் அந்தக் கடை என்ன தொழில் என்று இருக்கிறது, உங்கள் முறைப்பாட்டுக்குப் பின் நடந்த வருகை எந்த வகை என்று பதிவாகியிருக்கிறது, அன்று ஏதேனும் மாதிரி எடுத்தார்களா. இவ்வளவுதான். ‘பத்து வருடக் கோப்பு முழுவதும் வேண்டும்’ என்று கேட்டால் 18 மணி நேர வேலைக்கு மேல் ஆகும் என்று சொல்லிச் சட்டப்படியே மறுத்துவிடுவார்கள்.

விசாரணை நடக்கிறது என்று சொல்லி அதே சட்டத்தின் 30 அல்லது 31ஆம் பிரிவின் கீழ் மறுக்கவும் கூடும். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே ‘மேல் நடவடிக்கை இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். நடக்காத விசாரணைக்கு என்ன இடையூறு வரும் என்று அதே வரியை மேற்கோள் காட்டி உள் மறுஆய்வு கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் இன்ஃபர்மேஷன் கமிஷனர் அலுவலகம்.

இரண்டாவது விண்ணப்பம் உங்கள் கடையைத் தாண்டியது. கவுன்சிலில் ஒவ்வொரு ஆபத்துப் பிரிவிலும் எத்தனை கடைகள் கெடு தாண்டி நிற்கின்றன, பதிவு செய்து ஒரு பரிசோதனைகூட நடக்காதவை எத்தனை, அவற்றில் மிகப் பழையது எப்போது பதிவானது, உணவுப் பிரிவில் அனுமதித்த அதிகாரிப் பணியிடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை. இதில் ஒரு பகுதியை நீங்களே பார்க்கலாம். ரேட்டிங் இணையதளம் ஒவ்வொரு கவுன்சிலின் தரவையும் இலவசமாகத் தரவிறக்கக் கொடுக்கிறது. கணினி தெரிந்த பிள்ளை யாரிடமாவது சொன்னால் கடைசிப் பரிசோதனைத் தேதிப்படி வரிசைப்படுத்தித் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: பழைய தேதி உள்ள எல்லாம் குறை அல்ல. பொட்டலம் மட்டும் விற்கும் கடைகள், மருந்துக் கடைகள் ஈ பிரிவில் நியாயமாகவே பழைய தேதியோடு இருக்கும். சமைக்கும் இடங்களை மட்டும் எண்ணுங்கள்.

புதிய சமையலறை பற்றி. உணவுத் தொழில் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாளுக்கு முன் பதிவு செய்ய வேண்டும், இது கடைக்காரரின் கடமை. தொடங்கிய பின் 28 நாளுக்குள் முதல் பரிசோதனை என்பதே நீண்டகாலமாகக் கவுன்சில்களிடம் எதிர்பார்ப்பது. எல்லாவற்றுக்கும் அப்படி ஓட முடியாதபோது ஆபத்தைப் பார்த்து வரிசை போடலாம், அது நியாயம். பொதிந்த பிஸ்கட் விற்கும் கடை காத்திருக்கட்டும். ஆனால் இறைச்சி சமைக்கும் இடம் ஒரு வருடம் காத்திருக்கிறது என்றால் வரிசையே போடவில்லை என்று அர்த்தம். இங்கிலாந்தில் ரேட்டிங்கைக் கதவில் ஒட்டுவது கட்டாயமும் இல்லை. வேல்ஸில் 2013 முதலும் வட அயர்லாந்தில் 2016 முதலும் கட்டாயம். அதனால் உங்கள் பகுதியில் ஸ்டிக்கர் இல்லாத கடையைப் பார்த்தால், ரேட்டிங் குறைவா, பரிசோதனையே நடக்கவில்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும்.

விண்ணப்பங்களுக்குப் பதில் வந்த பிறகு முறைப்பாடு எழுதுங்கள். கவுன்சிலின் முறைப்பாட்டு வழியில் பெரும்பாலும் இரண்டு படி உண்டு. முதல் படிக்கு 10 வேலை நாள், இரண்டாம் படிக்கு 20 வேலை நாள் என்பது பொதுவான அளவு. கடையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். ‘இந்த இடம் இன்ன பிரிவு, இன்ன தேதிக்குள் பரிசோதித்திருக்க வேண்டும், செய்யவில்லை, இன்ன தேதியில் நான் நோய்ச் சம்பவத்தைத் தெரிவித்தேன், விருந்தினர் பட்டியலையோ நோய் தொடங்கிய நேரத்தையோ யாரும் கேட்கவில்லை, அமலாக்கக் கொள்கையின் இன்ன பகுதிப்படி முடிவெடுத்ததற்கான காரணம் பதிவாகவில்லை’ என்று அவர்களுடைய பதிலிலிருந்தே எழுதுங்கள். இரண்டாம் படியும் திருப்தியில்லை என்றால், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஒம்புட்ஸ்மன். விஷயம் உங்களுக்குத் தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். கவுன்சிலின் பிழையால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்பதைத்தான் அவர் முக்கியமாகப் பார்ப்பார். கடை குற்றவாளியா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். எஃப்எஸ்ஏ தனிப்பட்ட முறைப்பாட்டை விசாரிக்காது, ஆனாலும் இரண்டாவது விண்ணப்பத்தின் பதிலை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். எந்தக் கவுன்சிலைக் கூர்ந்து பார்ப்பது என்று தீர்மானிக்க அவர்களுக்கு அது பயன்படும். உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் ஒரு பிரதி. அவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வருட உணவுச் சேவைத் திட்டம் எந்தக் கமிட்டிக்கு எப்போது வந்தது?

லண்டனுக்கு வெளியே வசிக்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டு அடுக்கு உள்ள இடங்களில் சுகாதாரப் பரிசோதனை டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் வேலை. ஒவ்வாமைத் தகவல், லேபிள், கலப்படம் ஆகியவை கவுண்டியின் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவின் வேலை. தவறான கவுன்சிலுக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. லண்டன் பரோக்களில் இரண்டும் ஒரே கவுன்சில்தான்.

கடைப் பக்கத்து முறைப்பாட்டில் இப்போதும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மலப் பரிசோதனைக்கும் மிச்ச உணவைச் சோதிப்பதற்கும் காலம் கடந்துவிட்டது. ஆனால் நோயுற்றவர்களின் பட்டியலைத் தயாரிக்கலாம்: பெயர், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது நின்றது. சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களையும் சேருங்கள், அவர்கள் இல்லாமல் பட்டியல் அரைகுறை. ஆட்டிறைச்சி சாப்பிட்டவர்களுக்கு மட்டும் வந்து, மரக்கறி மட்டும் சாப்பிட்டவர்களுக்கு வரவில்லை என்றால் அது வலுவான தடயம். பெரியம்மாவின் டிஸ்சார்ஜ் கடிதத்தில் மலப் பரிசோதனை எடுத்ததாக இருக்கிறதா பாருங்கள். உணவு விஷமாதல் சந்தேகம் இருந்தாலே டாக்டர் அதை முறைப்படி அறிவிக்க வேண்டும் என்பது 2010 முதல் உள்ள விதிமுறை. அந்த அறிவிப்பு போயிருந்தால் கவுன்சிலிடம் அது கட்டாயம் பதிவாகியிருக்கும்.

கடைக்காரரின் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். முறைப்பாடு கொடுத்தவர் பெயரைக் கவுன்சில் கடைக்குச் சொல்வதில்லை. ஆனால் அவ்வளவு பெரிய ஆர்டர் யாருடையது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நேரில் பேசுங்கள் என்பேன். சட்டம் கேட்பது அவரால் செய்ய முடியாததை அல்ல. சமைத்த கறியைக் கிடாரத்திலேயே விடாமல் ஆழம் குறைந்த ட்ரேக்களில், இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குமேல் போகாமல் பிரித்து ஊற்றி, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் ஏற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் 8 டிகிரிக்குக் கீழே, முடிந்தால் 5. மறுநாள் சிறு சிறு பாத்திரங்களில் சூடாக்கி, நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து 75 டிகிரி வந்த பிறகே வேனில் ஏற்ற வேண்டும். மண்டபத்தில் 63 டிகிரிக்கு மேல் வைத்திருக்க முடியாவிட்டால் ஒரே ஒரு தடவை, அதிகபட்சம் 2 மணி நேரம் வெளியில் இருக்கலாம். மிஞ்சினதைக் கொட்டிவிட வேண்டும். தாலி கட்டி முடியும்வரை திறந்து வைத்துக் காத்திருக்கும் நம் வழக்கத்தில் இந்த 2 மணி நேரம்தான் முதலில் உடைகிறது. அதைக் கவனிக்க வேண்டியவர்கள் விருந்து வைப்பவர்களும்தான். இவ்வளவையும் ஒரு டயரியில் எழுதி வைத்தால், அடுத்த பரிசோதனையில் நிர்வாக நம்பிக்கைப் புள்ளியில் அவருக்கே நன்மை. நம்மவர் கடைகள் பலவற்றில் சமையல் நன்றாக இருந்தும் ரேட்டிங் இறங்குவது இந்த எழுத்து வேலை இல்லாததால்தான்.

இந்த வாரமே முதல் விண்ணப்பத்தை அனுப்புங்கள். இரண்டாவதை வேறு ஈமெயிலில், வேறு தலைப்பில் அனுப்புங்கள். முதலாவதை நெருக்கிக் கேட்கும்போது ‘இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம்’ என்று இழுக்காமல் இருக்க அதுதான் வழி. ஒம்புட்ஸ்மனுக்கான 12 மாதம் கவுன்சில் பதில் சொல்லும் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் இரண்டு மாதம் போய்விட்டது.